பதினொரு பாகை

…நான்கா, மூன்றரையா, நூல் அசையாமல் நின்றால்தானே சொல்லலாம், கச்சான் காற்று ஜீப்புக்கு அடியிலும் புகுந்து வருகிறது, நூல் நுனியில் கட்டிய நட்டு ஆடுகிறது, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறேன், என் மூச்சை நான் பிடித்தால் காற்று நின்றுவிடுமா என்ன… நான்கு. கியர்ப்பெட்டியின் சரிவு நான்கு பாகைதான். "நாலு," என்று கத்தினேன். வெளியே சிமெந்துத் தரையில் வெண்கட்டி உராயும் சத்தம். "நாலு எழுதிட்டன். இப்ப ஷாப்ட்டப் பாரு புள்ள," என்கிறார் மச்சான். ஊருக்கு அவர் கராஜ்காரர் ஜெமீல் பாஸ், எனக்கு மாமியின் மகன், பன்னிரண்டு வருடமாகக் கணவர், இந்த இடத்திலிருந்து பார்த்தால் இரண்டு கால்கள் மட்டும். நான் மல்லாக்கப் படுத்திருக்கிறேன், முதுகுக்குக் கீழே விரித்த அரிசிச் சாக்கு, பழைய சல்வார், தலையை இறுக்கிக் கட்டிய ஒரு துணி, கையில் என் ரியூசன் பிள்ளைகளுக்குக் கேத்திரகணிதம் சொல்லிக்கொடுக்கும் பாகைமானி. வாசல் கடப்பைச் சாத்தி அதற்கு மேலே மறைப்பாகப் படங்கும் கட்டியாகிவிட்டது, இருந்தும் கல்முனைக்குடியில் ஒரு பெண் வாகனத்துக்கு அடியில் கிடக்கிறாள் என்ற செய்தி அஸர் தொழுகைக்குள் சாய்ந்தமருதைத் தாண்டிவிடும். ஆனால் வேறு யார் படுப்பது? அடிவேலையெல்லாம் பார்த்த காரைதீவு வினோஜ் போன மாதம் கட்டாருக்குப் போய்விட்டார். மச்சானுக்குத் தோள் சரியில்லை, படுத்துக்கொண்டு கையை மேலே தூக்கிப் பிடிக்க முடியாது… நாலரை வருடமாக எல்லோருக்கும் தெரிந்த சங்கதி அது.

ஷாப்ட்டின் மேல் பாகைமானியின் விளிம்பை ஒட்டவைக்கிறேன். கியர்ப்பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளமான இரும்புக் குழாய், இரண்டு முனையிலும் குரோஸ் என்று சொல்லும் ஒவ்வொரு மூட்டு, மணிக்கட்டு மாதிரி எந்தப் பக்கமும் மடங்கும். இந்த ஜீப் மீராமுகைதீன் ஹாஜியாருடையது. சுனாமிக்கு உதவ வந்த ஒரு வெளிநாட்டு நிறுவனம் போகும்போது ஏலத்தில் விட்டதை வாங்கி, வெளியூர்க் கராஜ் ஒன்றில் கொடுத்து, நாலங்குலம் உயர்த்தி, பெரிய ரயர் போட்டு எடுத்து வந்தார். சாகாமத்துக்கு அங்கால் காட்டோரம் அவருக்கு ஆறு ஏக்கர் பூமி, தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிறகு காலே வைக்கவில்லை, இப்போது சண்டை முடிந்து இரண்டு மாதம், பாதை திறந்திருக்கிறது என்கிறார்கள், பாதை என்றால் வாய்க்காலும் சேறும் யானைத் தடமும்தான். நாளைக்கு சுபஹ் தொழுதுவிட்டு மகன்மாரோடு போகப் போகிறார். ஆனால் ஜீப் ஐம்பது கிலோமீற்றரைத் தொட்டதும் நடுங்குகிறது, காய்ச்சல்காரன் போல, ஆசனம், கண்ணாடி, பல் எல்லாம் நடுங்குகின்றன. "இந்தக் குரோஸ் காட்டுக்குள்ள ஒடஞ்சா ஷாப்ட் நெலத்தில குத்தி வண்டியத் தூக்கிப் பிரட்டிரும்," என்று மச்சான் நேற்று அவரிடம் சொன்னார். ஹாஜியார் சிரித்துவிட்டு, "ஒடயாமச் செய்து தாங்க தம்பி, பத்தொம்பது வருசம் பொறுத்திட்டன், இனி ஏலா," என்றார். ஒரு மனிதர் தன் பூமியைப் பார்க்கப் போகும்போது எதை முதலில் பார்ப்பார், வரம்பையா, மரங்களையா, அல்லது கண்ணை மூடிக்கொள்வாரா…

"பதினாலு." வெண்கட்டி. "இனி டிஃப் மூக்கு." பின் அச்சின் நடுவில் பூசணிக்காய் அளவில் உருண்டிருக்கும் இரும்புப் பெட்டியைத்தான் டிஃப் என்கிறார்கள், ஷாப்ட் வந்து சேரும் அதன் முன்பக்கம் மூக்கு. சாக்கோடு முதுகால் இழுத்து இழுத்து அதன் கீழே போனேன். பதினொன்று. "பதினொண்டா? சரியாப் பாத்தியா?" பார்த்தேன், இரண்டு தரம் பார்த்தேன். வெளியே ஒரு சின்னச் சிரிப்பு. "நெனச்சன். மூக்க நேரா ஷாப்ட்டப் பாக்க வெச்சிரிக்காங்க." நேராகப் பார்த்தால் நல்லதுதானே என்று கேட்டேன், கேள்வி கேட்காமல் என்னால் ஒரு ஆணியைக்கூடப் பிடுங்க முடியாது. அவர் சொல்லச் சொல்ல எனக்கு உடம்பே புல்லரித்தது, எத்தனை வருடம் கேத்திரகணிதம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், ஒருவரும் எனக்கு இதைச் சொல்லவில்லையே. ஒரு மூட்டு மடங்கிய நிலையில் சுற்றினால் சுழற்சி சீராகப் போகாதாம், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தரம் முந்தும், இரண்டு தரம் பிந்தும். மறுமுனையிலுள்ள மூட்டும் அதே அளவு மடங்கியிருந்தால் இது முந்தும்போது அது பிந்தி, கணக்குத் தீர்ந்துவிடும். இங்கே முன் மூட்டு பத்துப் பாகை மடங்கியிருக்கிறது, பின் மூட்டு மூன்றுதான். மிச்சம் ஏழு பாகைதான் ஹாஜியாரின் பல்லை ஆட்டியிருக்கிறது. அப்படியென்றால் நேராக வைத்ததால்தான் பிழை வந்தது… அந்தக் கராஜ்காரரும் நல்லது செய்வதாகத்தான் நினைத்திருப்பார். மூக்கு கீழே இறங்க வேண்டும், கியர்ப்பெட்டிக்குச் சமாந்தரமாக, நான்குக்கு, பாரம் ஏறும்போது மூக்குக் கொஞ்சம் எழும்பும் என்பதால் இன்னும் ஒன்று குறைத்து மூன்றுக்கு. அச்சைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் மேல் கைகள் இரண்டையும் குறுக்கினால் இறங்கும். எட்டுப் பாகை, மேல் கைக்கும் கீழ்க் கைக்கும் இடையில் இருபது சென்ரிமீற்றர், பெருக்கிப் பார்த்தேன், ஏறக்குறைய இருபத்தெட்டு மில்லிமீற்றர், ஒரு சுற்றுக்கு நாலு மில்லிமீற்றர். "ஏழு சுத்து மச்சான்," என்றேன். கால்கள் ஒரு கணம் அசையவில்லை. "வினோஜ் ஒருநாளும் இப்பிடிச் சொன்னதில்ல," என்றார். எனக்குச் சிரிப்பு வந்து மூக்கில் தூசி ஏறியது.

அந்த நேரம் பார்த்துக் கடப்பில் தட்டல். பக்கத்து வளவு சபூறா ராத்தா. "ஜெமீல், சுல்பிகா எங்க? அரிதட்டு ஒண்டு வேணும்." நான் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டேன். மச்சான் என்ன சொல்வார், கடைக்குப் போயிருக்கிறாள் என்பாரா, தொழுகிறாள் என்பாரா… "அவ படுத்திரிக்கா ராத்தா," என்றார். "இந்த நேரத்திலயா? என்ன, சொகமில்லியா?" "சொகம்தான். சும்மா படுத்திரிக்கா." "ஆ… அப்ப நல்ல செய்திதான் போல," என்று சபூறா ராத்தா சிரித்துக்கொண்டே போனாள், நாளைக்கு ஊர் முழுக்க எனக்கு மாதக்கணக்குப் பார்க்கும். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். இந்த மனிதருக்குப் பொய் சொல்ல வராது, எப்போதுமே வராது, உண்மையின் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான்.

முதல் கை. பூட்டு நட்டை இளக்கி, நடுவிலுள்ள திருகுக் குழாயில் ஸ்பானர் சாவியைப் போட்டு… பிஸ்மில்லாஹ், இறுகிக் கிடக்கிறது, இரண்டு கையாலும் இழுத்தேன், துரு முகத்தில் கொட்டியது, சுற்றியது. அந்தப் பக்கம் அரைச் சுற்று, இந்தப் பக்கம் அரைச் சுற்று, ஒரே சீராகப் போக வேண்டுமாம், இல்லாவிட்டால் அச்சு கோணிவிடும். மூக்கு இறங்குவது கண்ணுக்குத் தெரிகிறதா? தெரியவில்லை, மணிக்கூட்டின் சின்ன முள் மாதிரி. இரண்டு சுற்று. "கவனம், கையப் பார்த்து வெய்," என்கிறார். கவனத்துக்கு என்ன குறை, அச்சுக்குக் கீழே இரண்டு தாங்கி, சட்டத்துக்குக் கீழே இரண்டு, அதற்குப் பக்கத்தில் தென்னங்குற்றி இரண்டு, அதுவும் போதாதென்று கழற்றிய ரயர்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி என் தலைமாட்டில் வைத்திருக்கிறார். இந்த ஜீப் விழ நினைத்தாலும் விழ இடமில்லை. வினோஜ் இதைச் சொல்லிச் சிரிப்பார், பாஸ் வீடு கட்டுற மாதிரி முட்டுக் கொடுப்பார் என்று. மூன்று சுற்று. கால்கள் எங்கே… அதே இடத்தில். தரையில் ஒயில் கறை ஒன்று இருக்கிறது, இலங்கைப் படம் மாதிரி, அந்தக் கறைக்கு இந்தப் பக்கம் அவர் கால் வரவேயில்லை. சாவி கேட்டேன், கறைக்கு அங்காலே நின்று தரையோடு சறுக்கிவிட்டார். டோர்ச் கேட்டேன், அதையும் சறுக்கிவிட்டார். குனிந்து ஒரு தரம் உள்ளே பார்த்திருக்கலாமே, குனிவதற்குத் தோள் எதற்கு? எஞ்சினுக்குள் தலையை விட்டு நாள் முழுக்க நிற்கிறார், வாளியில் தண்ணீர் அள்ளுகிறார், போன நோன்புப் பெருநாளைக்கு முகட்டில் ஏறி ஓடு மாற்றினார், வலது கையால் ஓட்டைத் தலைக்கு மேலே தூக்கி… தூக்கினார்தானே? நான் கீழே நின்று பார்த்தேனே. அப்போது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

நான்கு சுற்று. கை ஓய்ந்துவிட்டது, சாவியை வயிற்றில் வைத்துவிட்டுச் சும்மா கிடந்தேன். முகத்துக்கு ஒரு முழத்துக்கு மேலே டிஃப், அதன் மூடியைச் சுற்றி வட்டமாகப் போல்ட்டுகள், சும்மா இருக்க முடியாமல் எண்ணினேன், பத்து. ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையில் விரலை வைத்து அளந்தேன், நாலு விரல். அடுத்ததும் நாலு விரல். நாலு விரல்… இந்த அளவு என் விரலுக்கு முன்பே தெரியும். எங்கே? என் விரல்கள் எனக்கு முதல் ஞாபகப்படுத்திக்கொண்டன. அவருடைய தோள். வலது தோளில் ஒரு தழும்பு, வட்டமாக, ஐம்பது சத நாணயக் குற்றி அளவில், அதிலிருந்து வளைந்து நெஞ்சுப் பக்கம் வந்தால் இன்னும் இரண்டு. கடைசி இரண்டுக்கும் இடையில் நாலு விரல், முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் எட்டு. எத்தனை இராப்பகல் எண்ணெய் தடவியிருக்கிறேன், எட்டு சரியாக நாலின் இருமடங்காக இருக்கிறதே என்றுகூட ஒருநாள் நினைத்தேன், நினைத்துவிட்டு எண்ணெய்ப் போத்தலை மூடி வைத்தேன். மதில் விழுந்ததில் கல் குத்தியது என்பதுதான் கதை. அன்று ஞாயிற்றுக்கிழமை, போயா, காலை ஒன்பது மணி கழிந்து கடல் வந்தபோது அவர் கடற்கரை வீதியிலிருந்த எங்கள் பழைய கராஜின் வாசலில் நின்றார், மதில் சரிந்து மேலே விழுந்தது, யாரோ இழுத்தெடுத்துச் சம்மாந்துறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திருத்த வந்து நின்ற வேன் மூன்றாம் நாள் இருநூறு யார் தூரம் தள்ளி ஒரு கிணற்றுக் கட்டின் மேல் கிடந்தது. மதில் கல் வட்டமாகக் குத்துமா? மூன்று கல்லும் ஒரே அளவில், ஒரே வளைவில் குத்துமா? எட்டு விரல் இடைவெளியில் நடுவே ஒன்று குறைகிறது, வட்டத்தில் இருக்க வேண்டிய ஒன்று இல்லை…

கேட்பதா, விடுவதா. கேட்காமல் விட எனக்குத் தெரியாது, ஆனால் எப்படிக் கேட்பது, நீங்கள் அன்று எங்கே நின்றீர்கள் என்றா? அது பொலிஸ் கேட்பது. சாவியை எடுத்து அடுத்த கையில் போட்டு அரைச் சுற்றுச் சுற்றினேன். பிறகு என் குரல் தானாகவே போய்விட்டது, ரியூசன் பிள்ளைகளிடம் விடை கேட்கிற அதே குரல். "மச்சான், அண்டைக்கி நீங்க செய்துகொண்டிருந்த வேன்… அதுட டிஃப்ல எத்தின போல்ட்?"

காற்றில் படங்கு படபடத்தது. தெருவில் ஒரு ஓட்டோ போனது, இன்னொன்று போனது. கால்கள் கறையிலிருந்து ஒரு அடி பின்னுக்குப் போயின, போய்விடப் போகிறார் என்று நினைத்தேன், போகவில்லை, இடது காலால் வலது காலைச் சொறிந்தது மாதிரி ஒரு அசைவு. "பத்து," என்றார். நான் விரலை ஒரு போல்ட்டின் மேல் வைத்தேன். "ஒண்டு கழட்டியிருந்தன்." அவ்வளவுதான். பிறகு, "எத்தினயாவது சுத்து?" என்றார். "நாலரை." "மிச்சத்தையும் திருப்பு. ஹாஜியார் வந்திருவார்." நான் திருப்பினேன், கண்ணுக்குள் துருவா தண்ணியா தெரியவில்லை, ஐந்து, ஐந்தரை, ஆறு… இந்த மாதிரி ஒரு இரும்பு, இத்தனை பாரம், அவர் நெஞ்சின் மேல். நான் அந்த நேரம் வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தேன்? பாண் வெட்டிக்கொண்டிருந்தேன். ஏழு. இரண்டு கையும் ஏழு.

திரும்ப அளந்தபோது மூக்கு மூன்று, நினைத்த மாதிரி, ஆனால் ஷாப்ட் பதினான்கு இல்லை, பதினாறு. மூக்கு இறங்கினால் அதைப் பிடித்திருக்கும் முனையும் இறங்கும்தானே, இதை நான் கணக்கில் எடுக்கவில்லையே. "பயப்படாத, ரெண்டு பக்கமும் கூடியிரிக்கி," என்றார், முன் மூட்டு பன்னிரண்டு, பின் மூட்டு பதின்மூன்று, ஏறக்குறையச் சமம், போதும். பூட்டு நட்டுகளை இறுக்கிவிட்டு, சாக்கோடு வெளியே வந்து எழுந்தபோது வெயில் கண்ணில் அடித்தது, அவர் முகத்தை அப்போதுதான் பார்க்கிறேன், நெற்றியெல்லாம் வேர்வை, அடியில் கிடந்தது நானா அவரா என்று கேட்கலாம் போல. துவாயை நீட்டினார். அவர் ரயர்களைப் பூட்டி ஜீப்பை இறக்குவதற்குள் நான் கைகால் கழுவி, அபாயாவைப் போட்டுக்கொண்டு முன் ஆசனத்தில் ஏறினேன், ஏறுவதற்கே ஒரு கல் வைக்க வேண்டியிருந்தது, அவ்வளவு உயரம்.

சம்மாந்துறைப் பாதை. சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் ஒருவர் ரயரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்திவிட்டுப் போகச் சொன்னார், போன வருடமென்றால் ஆசனத்தையெல்லாம் கழற்றிப் பார்த்திருப்பார். இரண்டு பக்கமும் வயல், சிறுபோக நெல் குடலைப் பருவம், காற்று அதன் மேல் வழித்துக்கொண்டு போகிறது. முப்பது. நாற்பது. நான் பற்களைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஐம்பது… ஒன்றுமில்லை. கண்ணாடி நடுங்கவில்லை, ஆசனம் நடுங்கவில்லை, அவர் திசைமாற்றியில் இரண்டு விரலை மட்டும் வைத்துப் பார்த்தார். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது, பாகைமானி, ஒரு முழம் நூல், ஒரு நட்டு, அல்ஹம்துலில்லாஹ். அவர் பாதையைப் பார்த்துக்கொண்டே கதைக்கத் தொடங்கினார், அந்த உயரத்தில் யாரும் எங்களைப் பார்க்க முடியாது என்பதாலா, அல்லது முகம் பார்க்கத் தேவையில்லை என்பதாலா. "மொதல் தண்ணி வந்ததும் வேனத் தூக்கி வெச்ச ஜக்கு சரிஞ்சிட்டு. வேன் எனக்கு மேல குந்திட்டு. அசைய ஏலா. தண்ணி வாய் மட்டுக்கும் வந்திட்டு, கலிமாச் சொன்னன்." ஒரு மாட்டு வண்டிக்கு ஒதுங்கிக் கொடுத்தார். "மறுகா பெரிய தண்ணி வந்திச்சி. வேனத் தூக்கிட்டுப் பொயித்து. அது தூக்காட்டி நான் அங்கயே மவுத்து."

தண்ணீர் தூக்கியது. நான் அதை மனதுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன், ஒட்டவில்லை. "ஏன் மச்சான் ஒருத்தருக்கும் சொல்லல்ல?" "ஆருக்குச் சொல்ற? நாச்சியா ராத்தாட ரெண்டு புள்ளையளையும் கொண்டுபோன தண்ணி அது. அவட மொகத்தப் பாத்து, அதுதான் என்னக் காப்பாத்தின எண்டு எப்பிடிச் சொல்ற?" அவருடைய மூத்த சகோதரி நாச்சியா மதினி இன்னும் கடற்கரைப் பக்கம் முகம் கொடுத்துப் படுப்பதில்லை, கட்டிலைத் திருப்பிப் போட்டிருக்கிறா. ஊரில் யாரிடம் சொல்வது, எந்த வீட்டில் ஒரு மையித்து இல்லை. அப்படியென்றால் பயம் மட்டுமில்லை… நான் ஜீப்புக்கு அடியில் கிடந்து, அவருக்கு அடியில் படுக்கப் பயம் என்று கணக்கை முடித்துவிட்டேனே, இந்த மனிதர் ஒரு நன்றியை நாலரை வருடம் வாய்க்குள் வைத்துக்கொண்டு, அதை யாரிடம் இறக்குவது என்று தெரியாமல். "அதுக்குத்தானா மதில் எண்டு சொன்னீங்க?" என்று கேட்டேன். அவர் முதல் தரமாகத் திரும்பி என்னைப் பார்த்தார், ஆச்சரியமாக. "மதில் எண்டு நான் சொல்லல்ல புள்ள. நீதான் சொன்ன."

நானா? இல்லை… ஆஸ்பத்திரி விறாந்தை, தரையெல்லாம் ஆட்கள், பாயில்கூட இல்லை, வெறும் தரை, அந்தி வரை ஒவ்வொரு முகமாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போனேன், அவர் சுவரோரம் கிடந்தார், வாய் நிறைய மணல், நெஞ்சில் துணி. அவர் எதையோ சொல்ல வாயைத் திறந்தார், மணல்தான் வந்தது. நான் கேட்டேன், மதிலா மச்சான், மதிலா விழுந்த… ஆம், அது என் குரல். எங்கிருந்து வந்தது மதில், நான் எந்த மதிலையும் காணவில்லையே. அவர் தலை அசைந்தது. மேலும் கீழுமாகவா, பக்கவாட்டிலா? நான் அசைந்ததை மட்டும் பார்த்தேன், உடனே திரும்பி, பின்னால் அழுதுகொண்டு நின்ற மதினியிடம் சொன்னேன், மதில் விழுந்ததாம் மதினி, தண்ணி இல்ல, மதில்தானாம். அதற்குப் பிறகு ஒரு நாளாவது நான் கேட்டேனா? மீன்காரனிடம் விலை கேட்டிருக்கிறேன், பிள்ளைகளிடம் விடை கேட்டிருக்கிறேன், எந்த மூட்டு எத்தனை பாகை என்று இன்று காலை முழுக்கக் கேட்டேன். அவர் சொல்ல வாயெடுத்த நாட்கள் எத்தனை இருந்திருக்கும், எண்ணெய் தடவும்போது, நான் வேறு எதையாவது கதைத்து… மறைத்தது அவரா? எழுபதைத் தொட்டதும் அவர் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். "என்ன, சத்தமொண்டும் வருதா?" பின்னால் எங்கோ மெல்லியதாக ஒரு ரீங்காரம், ரயரா, காற்றா, எனக்குள்ளா, தெரியவில்லை. "பொறுங்க மச்சான்," என்றேன், "இன்னொருக்கா கேட்டுப் பார்க்கிறன்."